கைவிடப்பட்டோருக்காகக் கையேந்திய அன்னை மேரி அல்போன்சா

இனி எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று வைத்தியர் சொல்லிவிடும் நாள் எந்தக் குடும்பத்திற்கும் இருள் சூழ்ந்த நாளாகும். வீடு உள்ளவர்கள் நோயாளியை வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கட்டிலருகே தாய் இருப்பாள். புண்ணைக் கழுவி மருந்து கட்ட மகள் இருப்பாள். அயலவர் கஞ்சி கொண்டு வருவர். குருவானவர் வந்து நோயிற்பூசுதல் கொடுப்பார். சாவு வந்தாலும், அது சொந்தக்காரரின் கைகளுக்கிடையே வரும். ஆனால், கொண்டு போவதற்கு வீடே இல்லாதவன் எங்கே போவான்? வாடகை கொடுக்க வழியில்லாமல், அருகில் நிற்க ஆளில்லாமல், அழுகும் புண்ணின் நாற்றத்தோடு கிடப்பவளை யார் ஏற்றுக்கொள்வார்?

இந்தக் கேள்வியைத் தம் நெஞ்சில் சுமந்துகொண்டு, 45 வயதில் ஒரு பெண்மணி நியூயோர்க் மாநகரின் மிக வறிய தெருவொன்றில் குடியேறினார். அவரிடம் பெருந்தொகைப் பணம் இல்லை. அவரைத் தாங்கி நிற்கக் கன்னியர் சபை இல்லை. பின்னாளில் அன்னை மேரி அல்போன்சா என்று அழைக்கப்பட்ட ரோஸ் ஹோதோர்ண் அம்மையாரே அவர். இறக்கும் ஏழைகளுக்கு அவர் எவ்வாறு ஒரு வீட்டைக் கட்டியெழுப்பினார், அதற்கு வேண்டிய உதவியை யாரிடம் கேட்டார், யாரிடம் கேட்க மறுத்தார் என்பதை அறிவது நம் குடும்பங்களுக்கு மிகுந்த பயன் தரும்.

புகழ் பெற்ற வீட்டின் கடைக்குட்டி

ரோஸ் 1851ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள லெனொக்ஸ் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் நத்தானியல் ஹோதோர்ண். அமெரிக்க இலக்கிய உலகில் இன்றும் மங்காத புகழ் படைத்த நாவலாசிரியர் அவர். தாயார் சோபியா அம்மையார். அவர்களுடைய மூன்று பிள்ளைகளில் ரோஸ் கடைக்குட்டி. குடும்பம் புரட்டஸ்தாந்து மரபைச் சார்ந்தது.

1853இல் தந்தையார் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் அமெரிக்கத் தூதுவராலய அதிகாரியாக நியமனம் பெற்றார். எனவே ரோசின் குழந்தைப் பருவம் இங்கிலாந்திலும் பின்னர் இத்தாலியிலும் கழிந்தது. உரோமாபுரியிலே, ஏழு வயதுச் சிறுமியாக வத்திக்கான் தோட்டத்தில் ஓடி விளையாடும்போது, அங்கே உலாவிக்கொண்டிருந்த பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் மீது அவர் மோதிக்கொண்டார் என்றும், பாப்பரசர் புன்சிரிப்போடு அக்குழந்தையை ஆசீர்வதித்தார் என்றும் சொல்வார்கள். 1860இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது.

லிவர்பூலில் நடந்த ஒரு சம்பவம் ரோசின் வாழ்வில் நீண்ட காலத்தின் பின் பலன் கொடுத்தது. நத்தானியல் அவ்வூரிலிருந்த ஏழைகள் விடுதி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தார். அங்கே நோயினால் உருக்குலைந்த ஒரு குழந்தை, தன்னைத் தூக்கும்படி அவர் முன் வந்து நின்றது. இயல்பிலே கூச்சமும் அருவருப்பும் மிகுந்தவரான அவர், ஒரு கணம் தயங்கினார். பின் அக்குழந்தையை வாரியெடுத்து அணைத்துக்கொண்டார். இதைப் பின்பு ஒரு நூலில் எழுதியபோது, வேறு யாரோ ஒருவர் செய்ததாகவே எழுதினார். அவர் இறந்த பின் அவருடைய நாட்குறிப்பு வெளிவந்தபோதுதான், குழந்தையைத் தூக்கியவர் அவரே என்ற உண்மை உலகிற்குத் தெரியவந்தது. தந்தையார் எழுதிய பக்கங்கள் அனைத்திலும் இதையே ரோஸ் உயர்ந்ததாகப் போற்றினார். தகப்பன் ஒருமுறை செய்ததை மகள் தன் வாழ்நாட் பணியாக ஏற்கப் போகிறாள் என்பதை அன்று யார் அறிவார்?

துன்பத்தின் பள்ளிக்கூடம்

புகழ் இருந்த அந்த வீட்டில் நிம்மதி நிலைக்கவில்லை. 1864இல், ரோஸ் 13 வயதை எட்டுவதற்கு முதல் நாள், தந்தையார் காலமானார். தாயார் பிள்ளைகளுடன் ஜேர்மனிக்கும் பின் இலண்டனுக்கும் சென்றார். 1871இல் அவரும் அங்கே கண்மூடினார். தாயும் தகப்பனும் இல்லாத ரோஸ் அதே ஆண்டிலே, 20 வயதில், ஜோர்ஜ் பார்சன்ஸ் லேத்ரோப் என்னும் இளம் எழுத்தாளரை மணந்தார்.

1876இல் பிரான்சிஸ் என்ற ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஒரே குழந்தையும் 1881இல், ஐந்து வயது நிரம்பு முன்பே, தொண்டைக்கரப்பன் நோயினால் இறந்துபோயிற்று. அதன் பின் அந்தத் தம்பதிகளுக்கு வேறு பிள்ளை இல்லை. ரோஸ் கதைகளும் கவிதைகளும் எழுதினார். ஆனால் வீட்டில் நாளுக்கு நாள் கசப்பு வளர்ந்தது. கணவர் மதுவுக்கு அடிமையாகிக்கொண்டிருந்தார்.

1891ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கணவன் மனைவி இருவரும் நியூயோர்க்கில் பவுலிஸ்ட் சபைக் குருக்களிடம் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தனர். புரட்டஸ்தாந்து குடும்பங்களிடையே இது பெரும் வியப்பை உண்டாக்கியது. விசுவாசம் கிடைத்தது. ஆயினும் குடிப் பழக்கம் நீங்கவில்லை. நீண்ட காலம் பொறுத்திருந்த ரோஸ், 1895இல் திருச்சபையின் அனுமதியோடு கணவரைப் பிரிந்து வாழத் தொடங்கினார். ஜோர்ஜ் 1898இல் காலமானார்.

குழந்தையை இழந்து, இல்லறமும் சிதைந்த நிலையில் நின்ற அந்தப் பெண்மணி, தம் எஞ்சிய நாட்களைத் துக்கம் கொண்டாடுவதிலே கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, தம்மைவிடக் கைவிடப்பட்டவர் யார் என்று தேடத் தொடங்கினார்.

இரு பெண்களின் மரணம்

அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே மக்கள் நடுங்கினர். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்று பலர் நம்பினர். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டதே 1895ஆம் ஆண்டின் முடிவில்தான். இன்று நாம் அறிந்த மருந்துகள் எதுவும் இல்லை. சத்திரசிகிச்சையால் பயன் இல்லையென்றால் வைத்தியசாலையில் அந்த நோயாளிக்கு இடமில்லை. குணமாகக் கூடியவர்களுக்குக் கட்டில் வேண்டும் என்பது வைத்தியசாலைகளின் நியாயம். பணக்கார நோயாளி வீடு திரும்பினார். ஏழை நோயாளியோ, ஆற்றின் நடுவே இருந்த பிளக்வெல்ஸ் தீவின் அனாதை விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே போவதென்றால் சாகப் போவது என்றே நியூயோர்க் ஏழைகள் அறிந்திருந்தனர்.

ரோசின் நண்பியாக இருந்தவர் எம்மா லாசரஸ் என்ற யூதக் கவிஞர். நியூயோர்க் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவி சிலைக்குக் கவிதை எழுதியவர் இவரே. செல்வக் குடும்பத்தில் பிறந்த எம்மா, 1887இல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு நல்ல வைத்தியர்கள் இருந்தனர், மெத்தை இருந்தது, சுற்றிலும் அன்பு இருந்தது.

சில ஆண்டுகளின் பின், குருவானவர் ஒருவர் வேறொரு பெண்ணின் கதையை ரோசுக்குச் சொன்னார். அவள் ஒரு தையற்காரி, நன்கு வளர்க்கப்பட்டவள், தன் உழைப்பால் வாழ்ந்தவள். புற்றுநோய் வந்தது. சேமித்த பணம் கரைந்தது. கடைசியில் அவளும் அந்தத் தீவுக்கே அனுப்பப்பட்டு, அனாதையாக இறந்துபோனாள். நோய் ஒன்றே, பணமே இருவர் மரணத்தையும் வேறுபடுத்தியது. இந்த எண்ணம் ரோசின் மனத்தைத் துளைத்தது. அந்தத் தையற்காரிக்காகத் தம்மால் இனி ஒன்றும் செய்ய முடியாது. அவளைப் போன்ற மற்றவர்களுக்காகச் செய்ய முடியும் என்று அவர் முடிவு செய்தார்.

முதலில் வேலை, பின்னர் வேண்டுகோள்

இரக்கம் பிறந்தவுடன் கூட்டம் கூட்டி, சங்கம் அமைத்து, நிதி திரட்டத் தொடங்குவோர் உண்டு. ரோஸ் அப்படிச் செய்யவில்லை. 1896ஆம் ஆண்டு கோடை காலத்தில் நியூயோர்க் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சென்று, ஏறத்தாழ மூன்று மாதங்கள் தாதியர் பயிற்சி பெற்றார். பேர்பெற்ற எழுத்தாளரின் மகள், நடுத்தர வயதில், புண் கழுவவும் துணி மாற்றவும் கற்றுக்கொண்டார். அருவருப்பு அவருக்கும் வந்தது. முகத்தைப் புற்று தின்றுவிட்ட நோயாளியை அருகிலிருந்து பார்ப்பது எவருக்கும் எளிதன்று. ஆனால் அருவருப்பை நோயாளி கண்டுகொள்ளலாகாது என்ற தீர்மானத்தை அங்கேயே எடுத்துக்கொண்டார். பின்னாளில் தம் கன்னியருக்கும் அதையே ஒழுங்காக விதித்தார்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குக் கரைப் பகுதியில், ஸ்கமெல் தெருவில் சில அறைகளை வாடகைக்கு எடுத்தார். தாமே அவற்றைத் துப்புரவு செய்து வர்ணம் பூசினார். அயலிலிருந்த நோயாளிகள் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தனர். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு அவரே படியேறிச் சென்றார். புற்றுநோய் வைத்தியசாலையில் தாம் அறிந்திருந்த வயோதிப மாது ஒருவர் போக்கிடமின்றி நின்றபோது, அவரைத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். 1897இல் வாட்டர் தெருவுக்கு இடம் மாறினார்.

இவ்வாறு வேலையைத் தொடங்கிய பிறகே அவர் வெளியாரிடம் உதவி கேட்டார். கையில் எழுதுகோல் இருந்தது. தந்தையாரின் பெயரை அமெரிக்கா முழுவதும் அறிந்திருந்தது. இவ்விரண்டையும் அவர் ஏழைகளுக்கே தத்தம் செய்தார். நியூயோர்க் பத்திரிகைகளுக்குக் கடிதங்களும் கட்டுரைகளும் எழுதினார். மருந்து கட்டும் துணி வேண்டும், கட்டில் வேண்டும், வாடகைக்குப் பணம் வேண்டும் என்று மறைக்காமல் கேட்டார். 1897இல் தம் பெற்றோரைப் பற்றிய நினைவு நூலொன்றை வெளியிட்டார். எழுத்தால் கிடைத்த வருமானமும் நோயாளிகளுக்கே சென்றது.

மானமுள்ள குடும்பத்தில் பிறந்த ஒருவருக்குக் கையேந்துவது சிறிய காரியமன்று. நமக்காகக் கேட்பதென்றால் நாக்கு எழாது. பிறருக்காகக் கேட்பதும் பல வேளைகளில் வெட்கத்தைத் தரும். ரோஸ் அந்த வெட்கத்தைத் தம் காணிக்கைகளில் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டார். தாம் கேட்காவிட்டால் இழப்பது தம் மானமன்று, கட்டிலில் கிடப்பவளின் கடைசி ஆறுதல் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பணத்தைவிட அரிதான உதவி

பத்திரிகை வேண்டுகோள்களுக்குப் பணம் வந்தது, துணி வந்தது. ஆனால் அவருக்கு மிகவும் தேவைப்பட்டது வேறொன்று. புண்ணைத் தொடுவதற்குக் கைகள் வேண்டும். உதவிக்கு வந்த பெண்கள் பலர் சில நாட்களிலேயே திரும்பிப் போயினர். நாற்றமும் சோர்வும் சாவும் நிறைந்த அந்த அறைகளில் தங்குவதற்கு நல்ல மனம் மட்டும் போதவில்லை.

1897ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, அலிஸ் ஹூபர் என்ற பெண் வாட்டர் தெருவுக்கு வந்தார். கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். உருவப்படம் வரையும் ஓவியர். வந்து பார்த்த காட்சி அவருக்குப் பிடிக்கவில்லை. வறுமையும் அழுக்கும் நோயும் அவரைத் திடுக்கிடச் செய்தன. எனினும், ரோசின் முகத்திலே கண்ட அமைதி அவரைத் திரும்பிப் போகவிடவில்லை. கிழமையில் ஒரு பின்னேரம் மட்டும் வந்து உதவுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் தூரிகையை வைத்துவிட்டு, நிரந்தரமாகவே வந்து சேர்ந்தார். அந்த இருவருமாக அத்திவாரத்தை இட்டனர்.

ஒரு நல்ல பணியைத் தனியொருவர் தொடங்கலாம்; தனியொருவரால் அதை நிலைநிறுத்த முடியாது. ரோஸ் நோயில் விழுந்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அலிஸ் வந்ததன் பின்பே அது ஒருவரின் ஆர்வம் என்ற நிலை மாறி, ஒரு நிலையமாக வேர்விடத் தொடங்கியது. 1899இல் செரி தெருவில் ஒரு வீட்டை வாங்கினர். குணமாக்க முடியாத புற்றுநோயாளருக்கான இலவச இல்லமாகிய அதற்கு, அமெரிக்கக் கண்டத்தின் முதற் புனிதையான லீமா நகர் அர்ச். ரோசம்மாளின் பெயரைச் சூட்டினர்.

திருச்சபையின் கரம்

அந்த வீட்டிலுள்ள நோயாளி ஒருவரைச் சந்திக்க, டொமினிக்கன் சபையைச் சேர்ந்த கிளெமென்ட் துவெந்தே அடிகளார் ஒருநாள் வந்தார். அங்கே அர்ச். ரோசம்மாளின் சுரூபத்தைக் கண்டார். அப்புனிதை டொமினிக்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்தவராயிற்றே என்று எண்ணிய அடிகளார், இவ்விருவரும் அச்சபையில் சேரலாமே என்று ஆலோசனை சொன்னார். 1899 செப்டெம்பரில் இருவரும் மூன்றாம் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

நியூயோர்க் பேராயர் மைக்கல் கொரிகன் ஆண்டகையின் அனுமதியுடன், 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, அவர்கள் துறவற உடை தரித்தனர். ரோஸ் மேரி அல்போன்சா ஆனார். அலிஸ் தம் தோழியின் பெயரை நினைவூட்டும் வண்ணம் மேரி ரோஸ் ஆனார். கணவனைப் பிரிந்த விதவை, பிள்ளையை இழந்த தாய், மதம் மாறி வந்தவர் என்று உலகம் தயக்கத்தோடு நோக்கக்கூடிய ஒருவரிடம், திருச்சபை ஒரு புதிய சபையின் பொறுப்பைக் கொடுத்தது. இதுவும் வெளியிலிருந்து வந்த உதவியே. வீட்டிற்கு ஒரு ஒழுங்கும், செபத்திற்கு நேரமும், பின்வரும் தலைமுறைக்கு ஒரு வாசலும் இதனால் கிடைத்தன.

நகரத்து வீடு விரைவில் போதாமற் போயிற்று. 1901இல், நகருக்கு வடக்கே ஷேர்மன் பார்க் என்ற நாட்டுப்புறத்தில், பிரெஞ்சு டொமினிக்கன் குருக்கள் விட்டுச் செல்லவிருந்த ஒரு பழைய மரக் கட்டடத்தை வாங்கினர். முன்பு அது ஒரு ஹோட்டலாக இருந்தது. செபமாலைக் குன்று என்று பொருள்படும் ரோசரி ஹில் என்ற பெயரை அதற்கு இட்டனர். தூய காற்றும் மரநிழலும் நோயாளருக்குக் கிடைத்தன. அவ்வூர் பின்பு ஹோதோர்ண் என்றே பெயர் பெற்றது. 1912இல் நகரத்திலும் ஜக்சன் தெருவில் ஒரு புதிய கட்டடம் எழுந்தது.

யாரிடம் கேட்டார், யாரிடம் கேட்கவில்லை

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் அன்னையின் வழி தனி வழியாக நின்றது. நோயாளியிடமிருந்து ஒரு சதமும் வாங்கலாகாது. அவருடைய சொந்தக்காரரிடமிருந்தும் வாங்கலாகாது என்று அவர் விதித்தார். கொடுக்கக் கூடியவரிடம் சிறிது வாங்கினால் என்ன என்று கேட்பது உலகத்தின் ஞானம். ஆனால், ஒருவர் பணம் கொடுத்து மற்றவர் கொடாதிருந்தால், ஒரே கூரையின் கீழ் இருவகை நோயாளர் தோன்றிவிடுவர். கொடுத்தவரின் கட்டிலுக்கு முதலில் ஓடவேண்டிய நிலை வந்துவிடும். கொடாதவர் தம்மை ஒரு சுமையாக எண்ணி, தண்ணீர் கேட்கவும் கூசுவார். அந்தக் கூச்சத்தோடு எவரும் சாகக்கூடாது என்பது அன்னையின் உறுதி. தம் இல்லத்தில் நோயாளி விருந்தாளி. விருந்தாளியிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்பாருண்டோ?

அதேபோல, குணமாக முடியாதவர்தானே என்று நோயாளியைப் பரிசோதனைப் பொருளாக்குவதற்கும் அவர் இடம்கொடுக்கவில்லை. எந்தச் சமயம், எந்த இனம் என்றும் அவர் பார்க்கவில்லை. ஏழையாயிருந்தால், வேறு போக்கிடம் இல்லாதிருந்தால், கதவு திறந்திருந்தது.

இந்த ஒழுங்கினால் தேவை முழுவதும் வெளியாரையே சார்ந்தது. எனவே கேட்பது அன்னையின் அன்றாடக் கடமையாயிற்று. 1901இல் கிறிஸ்துவின் ஏழைகள் என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு மாத சஞ்சிகையைத் தொடங்கி, இல்லத்தில் நடப்பவற்றையும் அதன் தேவைகளையும் மக்களுக்கு அறிவித்தார். தங்கள் உதவி எங்கே சென்றது, யாருடைய துன்பத்தைத் தணித்தது என்பதைக் கொடுத்தவர்கள் தெரிந்துகொண்டனர். அறிந்தவர்கள் மீண்டும் கொடுத்தனர், பிறருக்கும் சொன்னார்கள்.

கத்தோலிக்கர் மட்டும் கொடுக்கவில்லை. நகைச்சுவை எழுத்தாளர் மார்க் டுவெய்ன் சமயங்களைக் கிண்டல் செய்து எழுதியவர். அவரும் இப்பணியைக் கண்டு உருகினார். பணம் உதவியதுடன், 1901இல் அதைப் பாராட்டிக் கடிதமும் எழுதினார். கோயிற் படியேறாதவரின் இருதயத்தையும் இரக்கத்தின் செயல் தொட்டது. பெரிய செல்வந்தர் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால், அவர் கைவிட்ட அன்றே இல்லத்தின் கதவும் மூடப்பட்டிருக்கும். பத்திரிகை வாசித்த பலரின் கொடை சிறு சிறு துளிகளாக வந்து சேர்ந்தது. கேட்பவர் தமக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை என்பதைக் கண்ணாரக் கண்ட மக்கள், நம்பிக் கொடுத்தனர்.

எழுதுகோலோடு முடிந்த வாழ்வு

முதுமையிலும் அன்னையின் கை ஓயவில்லை. 1925இல், அவருடைய தந்தையார் படித்து வெளியேறி நூறு ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில், போடின் கல்லூரி அவருக்கு முதுகலைமாணி என்னும் கௌரவப் பட்டத்தை வழங்கியது. பட்டம் வந்த நாட்களிலும் அவர் மனம் வேறொன்றையே எண்ணிக்கொண்டிருந்தது. ரோசரி ஹில் மரத்தாலான பழைய கட்டடம். ஒரு தீப்பொறி விழுந்தால், எழுந்து ஓட முடியாத நோயாளர் அனைவரும் மாண்டுபோவர். நெருப்புப் பற்றாத புதிய கட்டடம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கத்தோடு, தமது கடைசி நாட்களிலும் உதவி வேண்டிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

1926ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் திகதி, நித்திரையிலே அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 75. அவருடைய தாய் தந்தையரின் திருமண நாளும் அதுவே. பிறரின் நல்ல மரணத்திற்காக முப்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு ஆண்டவர் நல்ல மரணத்தையே கொடுத்தார். ஓவியராயிருந்த அன்னை மேரி ரோஸ் தலைமையை ஏற்று, 1942இல் தாம் இறக்கும் வரை பணியை நடத்தினார். அன்னை கனவு கண்ட புதிய கட்டடமும் எழுந்தது.

குணமாக்க முடியாதவரைப் பராமரிப்பதும் வைத்தியத்தின் கடமையே என்பதை இன்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. இலண்டனில் சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண் வைத்தியர் 1967இல் அர்ச். கிறிஸ்தோப்பர் இல்லத்தைத் திறந்தார். அதன் தொடக்கமும் வெளியிலிருந்து வந்த சிறு கொடையே. 1948இல் இறந்த போலந்து நாட்டு யூத நோயாளி ஒருவர் விட்டுச் சென்ற 500 பவுணே அதன் முதற் பணம். 1975இல் கனடாவின் மொன்ரியல் நகர வைத்தியசாலை ஒன்றில் இத்தகைய நோயாளருக்கென்றே தனிப் பிரிவு திறக்கப்பட்டது. நோவு தணிப்புப் பராமரிப்பு என்று இன்று வைத்தியசாலைகளில் நாம் கேள்விப்படும் துறை இவ்வாறு வளர்ந்தது. இந்தப் பெயர்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, ஸ்கமெல் தெருவின் வாடகை அறையில் அப்பணி நடந்துகொண்டிருந்தது.

அன்னையின் புனிதர் பட்ட ஆய்வுகள் 2003இல் நியூயோர்க் உயர்மறைமாவட்டத்தில் தொடங்கின. 2024 மார்ச் மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய வீரத்துவமான புண்ணிய வாழ்வை ஏற்று, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் நிறுவிய சபையின் கன்னியர், நோயாளரிடமோ சொந்தக்காரரிடமோ பணம் பெறாத அதே ஒழுங்கை இன்றும் காத்து வருகின்றனர்.

நாம் செய்யக்கூடியது

அன்புள்ள வாசகர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, இவையெல்லாம் புனிதர்களுக்கே கூடும் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடலாகாது. அன்னையிடம் முதலில் இருந்தது மூன்று மாதப் பயிற்சியும் சில வாடகை அறைகளுமே. ஒரு வைத்தியசாலையிலோ ஒரு பங்கிலோ இறுதி நிலை நோயாளரின் ஆறுதலுக்காக ஒரு பணியைத் தொடங்க விரும்புவோர், அவரிடமிருந்து தெளிவான பாடத்தைப் படிக்கலாம். முதலில் நோயாளியின் அருகே போய் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பின்பு, கண்டதை உள்ளபடி ஊருக்குச் சொல்ல வேண்டும். வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கிடைத்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பணம் தருபவரைப் போலவே, கிழமையில் ஒரு பின்னேரம் தருபவரையும் பெரிய உபகாரியாக மதிக்க வேண்டும். அலிஸ் ஹூபர் அப்படித்தான் வந்தார் என்பதை மறக்கலாகாது.

கேட்கப்படுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் அயலிலே கதவு சாத்திய அறையில் புற்றுநோயாளி ஒருவர் கிடந்தால், தொற்றிவிடும் என்ற பழைய அச்சத்தால் ஒதுங்கி நிற்கிறோமா? பல மாதங்களாக இரவு பகல் கண்விழித்த அந்த வீட்டுத் தாய்க்கு ஒரு இராத்திரியாவது ஓய்வு கொடுத்தோமா? பழைய துணி, ஒரு நேரக் கஞ்சி, ஒரு மணி நேரம் அருகில் இருத்தல், ஒரு செபமாலை ஆகிய இவையும் வெளியிலிருந்து வரும் உதவிகளே. வியாதியாயிருந்த தம்மை வந்து பார்த்தவர்களைப் பற்றி ஆண்டவர் தீர்வை நாளிலே பேசுவார் என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கிறது. குணமாகக்கூடிய வியாதிக்காரரை மட்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

கைவிடப்பட்ட ஏழையின் கட்டிலருகே கிறிஸ்துநாதரைக் கண்டு சேவித்த அன்னை மேரி அல்போன்சா, விரைவில் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட மன்றாடுவோமாக. நம் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் இன்றிரவு வேதனையோடு விழித்திருக்கும் நோயாளர் அனைவரையும் அந்த மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோமாக.